தீரும் கடனும் தீரா உபகாரமும்

ஒருவர் கொடுத்த பணத்தின் துணையால் பல்கலைக்கழகம் சென்று, எஞ்சிய செலவைத் தன் கையுழைப்பால் சமாளித்து, பட்டமும் உத்தியோகமும் பெற்ற ஒரு மனிதன், தான் வாங்கிய தொகையைச் சதம் பிசகாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்கும் அந்த உபகாரிக்கும் இடையிலிருந்த கணக்கு அன்றோடு முடிந்துவிடுகிறதா என்பது, மேலோட்டமாகப் பார்ப்போருக்குப் பண விவகாரமாகத் தோன்றினும், ஆழ்ந்து விசாரிப்போருக்கு மார்க்க சம்பந்தமான கேள்வியாகவே விரிகிறது. முடிந்துவிட்டது என்போர் நன்றிக்கு விலை நிர்ணயித்துவிடுகிறார்கள். ஒருபோதும் முடியாது என்போர் பெற்றவனை ஆயுள் முழுவதும் அடிமையாக்கிவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா, உண்டெனில் அது எவ்வாறு வகுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சிறிது ஆராயலாம்.

இக்கேள்வி எங்கள் கரையோரத்துக்குப் புதிதன்று. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் ஆகிய ஊர்களைக் கடந்து, அட்டாளைச்சேனைக்குச் சற்று முன்னர் வரும் பாலமுனையில், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பூரண அந்தஸ்துப் பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அயலூராகிய ஒலுவிலிலேயே அமைந்திருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை. ஆயினும், கட்டணம் இல்லாத கல்விக்கும் செலவு உண்டு என்பதை முதலாம் வருடத்தின் முதற்கிழமையிலேயே மாணவன் அறிந்துகொள்கிறான். சாப்பாடு, பஸ், பிரதியெடுத்த பாடக்குறிப்புகள், ஒரு கணினி, வீட்டில் நோயாளி இருந்தால் மருந்து என்று விரியும் அச்செலவுக்காக அவன் விடியற்காலையில் கரைவலைக் கயிறு இழுக்கிறான். மேசன்மாருக்குக் கையாளாகச் சீமெந்து சுமக்கிறான். பின்னேரங்களில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். நோன்பு மாதம் வந்தால் கொழும்புப் புடவைக் கடைகளில் இரவு பகலாக நின்று பெருநாள் வியாபாரத்தில் சிறுதொகை சேர்க்கிறான். அப்படியும் எட்டாத இடைவெளியை நிரப்புவதற்கு ஒரு மாமாவோ, மச்சானோ, வெளிநாட்டில் உழைக்கும் ராத்தாவோ, ஊர்ப் பள்ளிவாசலின் ஸகாத் நிதியோ, பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஹாஜியாரோ முன்வருகிறார். அந்த நிமிஷத்திலேயே நமது கேள்வி பிறந்துவிடுகிறது.

இவ்விஷயத்தில் எங்கள் பிரதேசத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1942இல் யுத்தம் காரணமாகப் பர்மா அரிசி வருவது நின்று, நாடு முழுவதும் உணவுக்குத் தவித்தபோது, நெல் உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனைக்கு அனுப்பப்பட்ட உதவி அரசாங்க அதிபர் ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் பிரவேசித்த முதல் முஸ்லிம். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்து, யாழ் இந்துக் கல்லூரியிற் கற்ற அவர், காணியற்ற விவசாயிகளுக்கு நிலம் கிடைக்க வழிசெய்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று எண்ணாமல், இந்த வயல்களுக்குச் சொந்தக்காரரின் பிள்ளைகள் ஏன் உயர்கல்விக்குச் செல்வதில்லை என்று விசாரித்தார். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தருடன் அவர் நட்புக்கொண்டதும் அக்காலத்திலேதான். அவ்விசாரணையின் பலனாகக் கல்முனையில் ஒரு முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அதன் அனுபவத்திலிருந்து 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்தது. அதே 1945இல்தான் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. கட்டணத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பின்னரும், வறிய மாணவனின் வயிற்றையும் வாசஸ்தலத்தையும் யாரேனும் ஏற்கவேண்டியிருக்கிறது என்பதை அந்த நிர்வாகி அன்றே கண்டுகொண்டார்.

இனி, கொடுக்கப்படும் பணத்தின் தன்மையை நோக்குவோம். இஸ்லாமிய தர்மம் கடனையும் கொடையையும் கலந்துவிட அனுமதிப்பதில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனம், சுவர்க்கத்தையோ நரகத்தையோ வருணிப்பதன்று. கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்து 282ஆம் வசனமே அது. அதற்கு இரண்டு வசனங்கள் முன்னால், கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவேண்டும் என்றும், அறவே விட்டுக்கொடுப்பது அதனினும் மேலானது என்றும் உபதேசிக்கப்படுகிறது. ஸகாத் பெறத் தகுந்த எட்டு வகுப்பாரில் கடனில் மூழ்கியவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நபிகள் நாயகம் அவர்கள் ஓர் இளம் ஒட்டகத்தைக் கடனாகப் பெற்று, அதே தரத்தில் ஒன்று கிடைக்காதபோது அதைவிடச் சிறந்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். கடன் தீராமல் மரணித்த ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை நடத்தாது தயங்கி நின்று, அபூகதாதா என்ற தோழர் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்தார்கள். ஆகவே, ‘படித்து முடித்ததும் தா’ என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பணத்தை, கொடுத்தவர் கேட்க வெட்கப்படுகிறார் என்ற ஒரே சௌகரியத்தை நம்பித் தாமதிக்கும் பட்டதாரி, வேறு எத்தனை இபாதத்துகளால் தன்னை அலங்கரித்துக்கொண்டாலும், ஓர் அநீதியையே செய்துகொண்டிருக்கிறான். இதில் நுட்பமான வாதங்களுக்கு இடமில்லை.

கொடை என்பதோ வேறு உலகம். அங்கே கொடுப்பவனுக்கு ஒரு சட்டமும் பெறுபவனுக்கு ஒரு சட்டமும் தனித்தனியே வகுக்கப்பட்டிருக்கின்றன. கொடுப்பவனுக்குச் சொல்லப்பட்டது என்ன? செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் பாழாக்கிக்கொள்ளாதே என்பது ஒன்று. ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளித்துவிட்டு, அவர்களிடமிருந்து பிரதிபலனையோ நன்றியையோ எதிர்பாராதவர்களே உத்தமர் என்பது மற்றொன்று. பெறுபவனுக்குச் சொல்லப்பட்டதோ இதற்கு நேர்மாறானது: மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவனாகான், உபகாரம் செய்தவருக்குப் பிரத்தியுபகாரம் செய், இயலாவிடின், ஈடு செய்துவிட்டோம் என்று மனம் சாந்தியடையும் வரை அவருக்காகப் பிரார்த்தனை செய். ஒருவரிடம் நன்றியை எதிர்பாராதே என்றும், மற்றவரிடம் நன்றியை மறவாதே என்றும் ஒரே மார்க்கம் ஒரே மூச்சில் சொல்வது முரண்பாடு போலத் தோன்றலாம். முரண்பாடு சட்டங்களில் இல்லை. ஒருவருக்குரிய சட்டத்தை மற்றவர் எடுத்து வாசிப்பதிலேதான் இருக்கிறது.

எங்கள் ஊர்களில் இந்த மாற்றி வாசிக்கும் பழக்கம் சாதாரணமாக நிகழ்வது. ஒரு மாணவனுக்கு நான்கு வருடம் பணம் கொடுத்த தனவந்தர், அவன் பட்டம் பெற்று வந்ததும், தம் மகளுக்கு அவனை மாப்பிள்ளையாக்கும் பாத்தியதை தமக்கு உண்டென்று கருதுகிறார். அல்லது தேர்தல் காலத்தில் அவன் தம் கட்சிக்கே வேலை செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். மறுத்தால், நன்றி கெட்டவன் என்று பள்ளிவாசல் முன்றலிலேயே பேசுகிறார். பெறுபவனின் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தமக்குரிய சட்டத்தை அவர் மறந்துவிட்டார். மறுபுறத்தில், ‘அவர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்தார், கூலியை அல்லாஹ் கொடுப்பான், எனக்கு என்ன பொறுப்பு?’ என்று கேட்டு, உபகாரி நோயுற்றுக் கிடக்கையிலும் எட்டிப்பாராத உத்தியோகத்தர் இருக்கிறார். அவர் கொடுப்பவனின் சட்டத்தைத் திருடி, தம் கல்நெஞ்சுக்கு அதைக் கவசமாக்கிக்கொண்டவர்.

இவ்விரு குற்றங்களையும் செய்யாத, ஆனால் அவற்றினும் நுட்பமான ஒரு தவறுக்கு ஆளாகும் மனிதரும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். பாலமுனையில் நான் அறிந்த ஓர் இளைஞன், பல்கலைக்கழகத்திற் படித்த காலம் முழுவதும் ஒரு சி.ஆர். கொப்பியில் கணக்கு வைத்திருந்தான். இடப்பக்கத்தில் தன் உழைப்பு: வலை இழுத்த கூலி, டியூசன் காசு, வலப்பக்கத்தில் சவூதியில் சாரதியாக இருந்த அவனுடைய மாமா அனுப்பிய தொகைகள், திகதியோடு. உத்தியோகம் கிடைத்ததும் சீட்டுக் கட்டி, முதற்சீட்டை எடுத்து, முழுத்தொகையையும் ஒரு கடித உறையில் வைத்து, அக்கொப்பியையும் உடன் எடுத்துக்கொண்டு, ஊர் திரும்பி ஓய்ந்திருந்த மாமாவின் வீட்டுக்குப் போனான். அவர் உறையைத் தொடவில்லை. கொப்பியைத்தான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். “நான் கடனெண்டு தந்திருந்தா எழுதி வாங்கியிருப்பன், மகன்” என்றார். அவன் விடவில்லை, வாங்கிக்கொண்டால்தான் தன் மனப்பாரம் இறங்கும் என்றான். “அப்ப ஒன்ட பாரத்த எறக்கத்தான் வந்தீயா?” என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்த அவர், கடைசியில் சொன்னது இதுதான்: “நாளைக்கு எனக்கொரு தேவை வந்தா ஒன்ட வீட்டுக்கு வருவன். அண்டைக்கு இந்தக் கொப்பிய எடுத்துப் பாக்காத.”

கடுமையான விமர்சகர் ஒருவர், மாமாவின் அந்தக் கடைசி வார்த்தையிலும் பிரதிபலனை எதிர்பார்க்கும் மனோபாவம் ஒளிந்திருக்கிறது என்று வாதிக்கக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் தமக்கு இவ்வளவு வரவேண்டும் என்று கேட்கவில்லை. இருவருக்கும் இடையே உள்ள வாசலைக் கணக்கால் அடைத்துவிடாதே என்றே கேட்டார். இளைஞன் கொண்டுவந்ததோ நன்றியின் வேஷம் போட்ட ஒரு விடுதலைப் பத்திரம். பெற்றவன் என்ற ஸ்தானம் அவனுக்குச் சகிக்கவில்லை. அதைக் காசு கொடுத்துக் கழற்றிவிட விரும்பினான். சுயமரியாதையுள்ள வறியவனுக்கு இந்த அவஸ்தை இயல்பே. ஆயினும், சுயமரியாதைக்கும் அகங்காரத்துக்கும் இடையிலுள்ள எல்லை இந்த இடத்தில் மிகவும் மெல்லியதாகிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அவன் உழைத்துப் படித்தது வீணென்று இதற்கு அர்த்தமில்லை. தம்மிடம் யாசகம் கேட்டு வந்த அன்ஸாரி ஒருவரின் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் நபிகள் நாயகம் அவர்கள் வருவித்து, இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் போட்டு, ஒரு திர்ஹத்தால் குடும்பத்துக்கு உணவும் மற்றொன்றால் கோடரியும் வாங்கச் செய்து, கோடரிக்குத் தம் கையாலேயே பிடி பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்க அனுப்பிய வரலாறு அபூதாவூதின் தொகுப்பில் உண்டு. பதினைந்து நாட்களில் அம்மனிதர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். உழைப்பின் மேன்மைக்கு உதாரணமாகவே இதனை யாவரும் எடுத்துரைக்கிறார்கள். நான் பார்ப்பது அந்தப் பிடியை. அவர் வெட்டிய விறகெல்லாம் அவருடைய உழைப்பே. எனினும், பிடி பொருத்திய கை மற்றொருவருடையது. தன் உழைப்பால் முன்னேறிய எந்த மனிதனின் சரித்திரத்தைப் பிரித்துப் பார்த்தாலும், எங்கேயோ ஓரிடத்தில் இன்னொருவர் பொருத்திய பிடி அகப்படும். உழைப்பு பிறர்மீது சாயும் பாரத்தைக் குறைக்கிறது. பிறர் எவருக்கும் கடமைப்படாதவனாக ஒருவனை ஆக்கும் வல்லமை அதற்கு இல்லை.

பாக்குநீரிணைக்கு அப்பால், இராமேஸ்வரத்தில் நிகழ்ந்த ஒன்றும் இதனையே உணர்த்துகிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி விநியோகித்துச் சிறுவயதிலேயே கூலி பெற்ற அப்துல் கலாம், பின்னர் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் பெற்றபோது, சேர்வதற்குத் தேவையான ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் அக்குடும்பத்தில் இல்லை. சகோதரி ஸொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்நகைகளைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தால் மீட்டுக் கொடுப்பதென்று கலாம் சபதம் செய்துகொண்டார். மாணவனுக்கு அப்போது சாத்தியமான ஒரே சம்பாத்தியம் புலமைப்பரிசில் என்பதால், அதற்காகவே முனைந்து படித்தார். விமான வடிவமைப்பை மூன்று நாட்களுக்குள் முடிக்காவிட்டால் அந்தப் புலமைப்பரிசில் நிறுத்தப்படும் என்று ஆசிரியர் ஸ்ரீநிவாசன் எச்சரித்தபோது, அவர் இரவு முழுவதும் வரைபடப் பலகையை விட்டு எழாதிருந்ததற்கு, படிப்பின்மீது கொண்ட பற்றோடு வளையல்களின் ஞாபகமும் ஒரு காரணமாயிருந்திருக்கும் என்று நாம் ஊகிப்பதில் தவறில்லை. ஆனால், அடகுக் கடையிலிருந்து வளையல் மீளலாம். தம்பியிடம் ஒரு பட்டமும் இல்லாத நாளில், வருங்காலம் எதுவும் நிச்சயமில்லாத நாளில், கையிலிருந்து அதைக் கழற்றிய அந்த நம்பிக்கை எந்தக் கடையிலும் மீட்கக்கூடியதன்று. திருப்பிக் கொடுக்கும்போது நாம் வசதியுள்ளவர்களாய்க் கொடுக்கிறோம். அவர்கள் கொடுத்ததோ நாம் ஒன்றுமில்லாதவர்களாய் இருந்தபோது. தொகை சமமானாலும் காலம் சமமாவதில்லை. வள்ளுவர் செய்ந்நன்றிக்குத் தனி அதிகாரம் வகுத்து, உதவியைத் தொகையால் அளக்க மறுத்ததன் நியாயமும் இதுவே என்று கருதுகிறேன்.

அப்படியானால், தீராத உபகாரத்தோடு வாழ்வது எப்படி? கூபாவின் துணி வியாபாரியாகவும் மாபெரும் சட்ட அறிஞராகவும் விளங்கிய இமாம் அபூஹனீபாவின் சபையில், வறுமை காரணமாகப் படிப்பை விட்டுக் கூலிக்குப் போகவேண்டியிருந்த ஒரு மாணவர் இருந்தார். அவர் வராததைக் கவனித்த இமாம், நூறு திர்ஹம் கொண்ட பையைக் கொடுத்து, இது தீர்ந்ததும் சொல் என்றார். சொல்லவேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை. தீரும் தறுவாயில் அடுத்த பை தானாகவே வந்துகொண்டிருந்தது. யாசிக்கும் சங்கடத்தை அம்மாணவருக்கு வைக்காத அந்த ஆசிரியரே கொடுப்பவனின் சட்டத்தைப் பூரணமாக வாசித்தவர். மாணவரோ, பிற்காலத்தில் ஹாரூன் அல்ரஷீதின் ஆட்சியில் பிரதம காழியாகிய அபூயூஸுப். அதிகாரத்தின் உச்சியிலிருந்த அவர், ஆசிரியரின் வமிசத்துக்குத் தொகையை எண்ணிக் கொடுத்துக் கணக்கை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. தம் பெற்றோருக்குப் பிரார்த்திக்கும் முன்னரே ஆசிரியருக்காகப் பிரார்த்தித்து வந்தார் என்று இருக்கிறது. அதே சமயத்தில், ஆசிரியரின் அபிப்பிராயம் தவறென்று கண்ட இடங்களில் அதைவிட்டு விலகித் தம் முடிவைச் சொல்லவும் அவர் தயங்கவில்லை. ஹனபி மத்ஹபின் நூல்களில் அவ்விருவரின் அபிப்பிராயபேதங்கள் பக்கத்துக்குப் பக்கம் காணப்படுகின்றன. நன்றியுள்ளவன் கீழ்ப்படிந்தே ஆகவேண்டும் என்று நினைக்கும் எங்கள் தனவந்தர்களுக்கும், கீழ்ப்படிய மறுப்பவன் நன்றியையும் மறுத்தே ஆகவேண்டும் என்று நினைக்கும் எங்கள் இளைஞர்களுக்கும் அபூயூஸுப் ஒருசேர விடையளிக்கிறார்.

பெற்றதை அடுத்த ஏழை மாணவனுக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்று சொல்வோர் இன்று பலர். அது மேலான காரியம் என்பதில் சந்தேகமில்லை. சில உபகாரங்களுக்கு அது ஒன்றே மார்க்கம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி, இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை அம்பாறை மாவட்டத்தில் காவுகொண்டபோது, எங்களுக்கு அரிசியும் உடுப்பும் கூடாரமும் அனுப்பியவர்களின் முகங்களை நாங்கள் அறியோம். இலவசக் கல்வியின் செலவைச் சுமப்பவர்களும் அத்தகையோரே: இந்நாட்டின் வரி வருமானத்தின் பெரும்பகுதி மறைமுக வரியாகையால், தன் பிள்ளை பல்கலைக்கழக வாசலையே காணாத தேயிலைத் தோட்டத் தொழிலாளியும், சவர்க்காரம் வாங்கும்போதெல்லாம் ஒலுவில் மாணவனுக்குச் சிறிது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பெயரறியாத இந்த உபகாரிகளுக்கு, படித்த படிப்பை அவர்களைப் போன்றோருக்குப் பயன்படச் செய்வதைத் தவிர வேறு பிரத்தியுபகாரம் இல்லை. பெயரும் முகமும் வீட்டு முகவரியும் தெரிந்த உபகாரி விஷயத்திலோ, அடுத்தவனுக்குக் கொடுத்தேன் என்பது சில வேளைகளில் தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிடுகிறது. கொடுப்பவனாக உயர்ந்துவிட்டால், பெற்றவனாக இருந்த நாட்கள் மறந்துபோகும் அல்லவா? அந்த மறதியின் சுகத்துக்காகவே கொடுப்போரும் இருக்கிறார்கள்.

இங்கேதான் கேள்வி அதன் வேருக்கு வருகிறது. மனிதன் இறைவனுக்கு முன் எந்நாளும் பெறுபவனே. கண்ணையோ மூச்சையோ அறிவையோ கொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுத்து, இனி எனக்கும் உனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடிய நாள் ஒன்று வரப்போவதில்லை. கொடுப்பதற்கென்று நாம் எடுத்து நீட்டும் எதுவும் அவன் தந்ததாகவே இருக்கிறது. தீர்க்க முடியாத உபகாரத்தைச் சுமந்துகொண்டு, அதனால் கூனிக்குறுகாமலும் அதை மறுத்து நிமிராமலும் வாழ்வதற்குப் பெயர்தான் இபாதத் என்றால், அதற்குரிய பயிற்சி மனிதருக்கிடையிலேதான் தொடங்கவேண்டும். ஒரு மாமாவுக்குக் கடமைப்பட்டிருப்பதைச் சகிக்க முடியாமல் கடித உறையோடு ஓடும் மனம், தன்னைப் படைத்தவனுக்குக் கடமைப்பட்டிருப்பதை எப்படிச் சகிக்கும்? மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவனே என்ற போதனையை, இரண்டும் நல்ல குணங்கள் என்ற அளவில் விளங்கிக்கொள்வது போதாது. முதலாவது இரண்டாவதன் பாலபாடம் என்றே அதனைக் கொள்ளவேண்டும்.

ஆகவே, உழைத்துப் படிக்கும் மாணவன் தான் பெறும் பணம் கடனா, கொடையா என்பதைப் பெறும்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்வானாக. கடனென்றால், எழுதி வைத்துத் தவணை தவறாமல் தீர்ப்பானாக; கொடையென்றால், அதைக் கடனாக மாற்றித் தன் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ள முயலாதிருப்பானாக. உபகாரி அநீதியின் பக்கம் அழைத்தால் மரியாதையோடு மறுக்கும் சுதந்திரம் அவனுக்கு உண்டு. அவர் தளர்ந்த காலத்தில், கேளாமலே போய் நிற்கும் கடமையும் உண்டு. கடனைத் தீர்ப்பதற்கு உத்தியோகமும் சம்பளமும் வரும்வரை அவன் காத்திருக்கவேண்டியிருக்கலாம். நன்றிக்கு அந்தத் தவணை கிடையாது: உபகாரியின் பெயரைப் பெற்றோரின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் துஆ, கையில் ஒரு சதமும் இல்லாத முதலாம் வருட மாணவனுக்கும் இன்றைய இஷாத் தொழுகையிலேயே கடமையாகிவிடுகிறது.